இருநூத்திப் பதினாலு வரைக்கும்

நாத்தனார் என்றாலே அண்ணியோடு மல்லுக்கு நிற்பவள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் சண்டைக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணியோடு போட்டதைவிட அண்ணிக்காகப் போட்ட சண்டைகள்தான் அதிகம். அவருக்குச் சண்டை போட வராது. கடையில் வந்து ஒருவர் கத்தினாலும், "உக்காருங்க, பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துச் சாவியை ராவிக்கொண்டிருப்பார். அவர் குரலை உயர்த்தினார் என்று ஒரே ஒரு நாள்தான் கேள்விப்பட்டேன்.

அண்ணி வைத்திருப்பது பூட்டுக் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சாவி வெட்டும் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், எண்ணெயும் பித்தளைத் தூளும் கலந்த ஒரு வாசனை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பூட்டுக் கடையில் பில் போடப் போனவர், பில் போடுவதை விட்டுவிட்டு பின்னால் வேலை செய்பவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது எங்கள் பகுதியில் எந்த வீட்டில் சாவி தொலைந்தாலும் அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். நான் மாடியில் இருக்கிறேன்.

அண்ணியிடம் ஒரு நீள நோட்டு உண்டு. யாருடைய பூட்டைத் திறப்பதாக இருந்தாலும், சொந்தக்காரர் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கையை வைப்பார். ஒரு முறை எங்கள் அம்மா, அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து தரச் சொன்னதற்கு, "மாமா கையெழுத்துப் போட்டா தொறக்கிறேன் அத்தே" என்று சொல்லிவிட்டார். அம்மா இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அதற்கெல்லாம் அண்ணி அசைந்து கொடுக்க மாட்டார்.

அவருக்கு ஒரே பெண், ஆறு வயது. பெயர் ஒன்று வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவள் சாவிதான். தூங்கும்போதும் அவள் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும். பேச்சு வரவில்லை. காது நன்றாகவே கேட்கிறது, ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் எங்கே இருந்தாலும் ஓடி வருவாள். வாளியில் தண்ணீர் இருந்தால் கையை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அண்ணி அதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

மற்ற வீடுகளில் அழுகிற பிள்ளைக்கு பொம்மை கொடுப்பார்கள். அண்ணி பழைய பூட்டும் ஒரு சாவிக் கொத்தும் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பாள், திறந்ததும் பூட்டுவாள், மறுபடியும் திறப்பாள். கொடுத்த பூட்டு பழகிவிட்டால் வேறு பூட்டு. கையில் வேலை இருக்கும்போது பிள்ளை அமைதியாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து வயது முடிவதற்குள் கடையில் இருந்த பூட்டெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

போன வருஷம் ஒரு மதியம், பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரக் குழி வெட்டியிருந்தார்கள். அதில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் உட்கார்ந்து கையால் அடித்துக்கொண்டிருந்தவளை ஒரு கொத்தனார் தூக்கி வந்தார். அண்ணி அன்றைக்கே கதவில் இன்னொரு பூட்டு மாட்டினார். நான்கு நாளில் சாவியைத் தேடி எடுத்து அதையும் திறந்தாள். மூன்றாவது மாட்டினார். ஒரு பூட்டு தோற்றால் அடுத்த பூட்டு என்பதுதான் அண்ணிக்குத் தெரிந்த வைத்தியம். சாவிக்கோ, அம்மா தனக்காக வாரம் ஒரு புது விளையாட்டுச் சாமான் மாட்டுகிறாள் என்ற சந்தோஷம். ஏழு பூட்டு ஆன பிறகுதான் அண்ணி டாக்டரிடம் போய் உட்கார்ந்தார்.

"பூட்டு போதும்மா," என்றார் டாக்டர். "தண்ணியைத் தேடிப் போற பிள்ளை இது. என்னைக்காவது ஒரு நாள் போயிடும். விழுந்தா மல்லாக்கப் படுத்து மிதக்கறதுக்குக் கத்துக் குடுங்க. நீச்சல் எல்லாம் அப்புறம். மொதல்ல மிதக்கட்டும்."

கத்துக் கொடுக்க ஆள் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. முதலில் போன இடத்தில் ஒரு கோச். நன்றாகச் சிரித்துப் பேசினார். சாவி காதைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் போட்டதும் சிரிப்பு போய்விட்டது. "மத்த பேரன்ட்ஸ் ஒரு மாதிரி நினைப்பாங்க," என்றார். எந்த மாதிரி என்று கேட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த இடத்தில் கவுன்டரில் இருந்த பெண் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டாள். வாங்கிக்கொண்டு போனோம். அதைப் படித்துவிட்டு, பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கும் என்று இன்னொரு சர்டிபிகேட் வேண்டும் என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கும் என்று உலகத்தில் எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? நாற்பது வயதான எங்கள் அண்ணனுக்கே அப்படி ஒரு சர்டிபிகேட் கிடைக்காது. அதை அவளிடமே சொன்னேன். அவள், "ரூல்ஸ் மேடம்," என்றாள்.

கடைசியாகப் போனது நகராட்சி நீச்சல் குளம். வாசலிலேயே பெரிய போர்டு: இது பொதுமக்களின் சொத்து, பாதுகாப்பது அனைவரின் கடமை. உள்ளே பெரிய குளத்தின் ஓரத்தில், கழுத்தில் விசில் தொங்க, ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரை விசிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கீழே குனிந்து சாவியின் கையில் இருந்த சாவியைப் பார்த்தார், பிடுங்கவில்லை.

"நான் சொல்லிக் குடுக்கிறேன். ஆனா பெரிய குளத்துல முடியாது, கால் எட்டாது. அங்க பின்னாடி சின்னக் குளம் ஒண்ணு இருக்கு. அதைத் தொறந்து விட்டா நாளைக்கே ஆரம்பிக்கலாம். மேனேஜரைக் கேளுங்க."

மேனேஜர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். சின்னக் குளத்துக்குப் போகிற கதவின் சாவி தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறதாம், உள்ளே தண்ணீரே இல்லையாம், பூட்டை உடைக்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம். "இவங்களை மாதிரி ஸ்பெஷல் பிள்ளைங்களுக்குன்னே தனி லிஸ்ட் இருக்கும்மா. பேரை எழுதிட்டுப் போங்க. பாத்துட்டுச் சொல்றோம்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு சுரீர் என்றது. நான் குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் போனில் உட்கார்ந்திருப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் 'பாத்துட்டுச் சொல்றோம்' என்று சொல்கிறேன். அதன் அர்த்தம் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சீட்டை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று அர்த்தம். வேறொருவர் அதை எங்கள் பிள்ளையைப் பார்த்துச் சொன்னபோதுதான், நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு அயோக்கியத்தனமான வார்த்தை என்று உறைத்தது.

எட்டு மாதம் போனது. ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்டோம், நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். எங்களைப் போலவே லிஸ்டில் காத்திருக்கும் ஐந்து அம்மாக்கள் பழக்கமானார்கள். ஒன்பதாவது மாதம் போனபோது மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அண்ணி சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பின்பக்கம் நடந்தார். தகரம் அடித்த கதவு, அதில் ஒரு கனமான பூட்டு. அண்ணி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாவித் துவாரத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷமா தொறக்காத பூட்டுன்னுதானே சொன்னாரு?"

"ஆமா அண்ணி."

"துவாரத்தைப் பாரு, பளபளன்னு இருக்கு. சாவி போய் வந்து தேஞ்ச எடம். எண்ணெய் விட்டு பத்து நாள்கூட ஆகலை. இது வாரம் தவறாம தொறக்கிற பூட்டு."

பின்னால் வந்து நின்ற விசிலக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜருக்கு வேண்டியவர்களும் பெரிய அதிகாரிகளும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறார்கள் என்பதை அப்புறம்தான் சொன்னார். "என் வேலை போயிடும்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன்," என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரும் சம்பளத்துக்கு நிற்பவர், என்னைப் போல.

எனக்கு அப்போதே ஒரு கடப்பாரையை எடுத்து அந்தக் கதவைப் பிளக்க வேண்டும் போல இருந்தது. அண்ணியோ பூட்டை மெதுவாக விட்டுவிட்டு, "சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம நான் தொட மாட்டேன்," என்றார். என் கோபம் அண்ணி மேல் திரும்பியது. பிள்ளை உயிரை விடவா நோட்டு பெரிசு என்று வழியெல்லாம் கத்தினேன். அண்ணி வாசலில் அந்தப் போர்டுக்குக் கீழே நின்று, அதை ஒரு முறை நிதானமாகப் படித்தார்.

அடுத்த சனிக்கிழமை நோட்டோடு வந்தார். போர்டுக்குக் கீழே வைத்து முதலில் என்னிடம் நீட்டினார். "பொதுமக்களின் சொத்துன்னு போட்டிருக்கு. நீயும் பொதுமக்கள்தானே? சொந்தக்காரங்க இருக்கிற எடத்துல கையெழுத்துப் போடு." போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழுத்தமாக நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை, பேப்பர் கிழிந்துவிட்டது. அந்த ஐந்து அம்மாக்களும் போட்டார்கள். கடைசியாக விசிலக்கா பேனாவை வாங்கிப் போட்டார்.

பூட்டைத் திறக்க அண்ணிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே நீல ஓடு பதித்த குளம், சாவியின் இடுப்பளவுக்குச் சுத்தமான தண்ணீர், மூலையில் வாத்து மாதிரி ஊதி வைத்த ரப்பர் டியூப். கொடியில் இரண்டு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எட்டு மாதம். அந்தத் துண்டுகளைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை. அண்ணி அங்கேயே உட்கார்ந்து பூட்டுக்குப் புதுச் சாவி ஒன்று ராவி, ஒரு அட்டை கட்டி, ஓடி வந்த மேனேஜர் கையில் கொடுத்தார். "சார், தொலைஞ்சு போன சாவி."

அவரால் என்ன சொல்ல முடியும்? சாவி தொலையவில்லை என்றா? சனிக்கிழமை ஒரு மணி நேரம் என்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

விசிலக்கா விசிலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார், சாவிக்கு அந்தச் சத்தம் ஆகாது. முதல் மூன்று வாரம் அவள் மிதக்கவே இல்லை, தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். நான்காவது வாரம் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒரே தாளத்தில் எண்ணினார். எண்ணிக்கை அவளுக்குப் பிடித்துவிட்டது. எண்ணுகிற வரைக்கும் மல்லாக்க அப்படியே கிடப்பாள், கையை எடுத்தாலும் கிடப்பாள். எண்ணுவதை நிறுத்தினால் உடனே காலைக் கீழே ஊன்றி எழுந்துவிடுவாள். "இதை மனசுல வச்சுக்கங்க," என்று அண்ணியிடம் சொன்னார் விசிலக்கா. "ஆழத்துல இருந்தா நிறுத்திடாதீங்க. நிறுத்தினா எழுந்து நிக்கப் பாப்பா."

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் மழை. ஒரு வாரம் விடாமல் பெய்தது. அந்த அஸ்திவாரக் குழி அதற்குள் இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டப்பட்டு விளிம்பு வரை நிறைந்துவிட்டது. வேலி போடச் சொல்லி நகராட்சிக்கு நான் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு கயிறு கட்டி சிவப்புத் துணி தொங்க விட்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பதினொரு மணி. அண்ணி கடையில் ஒருவருக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. சாவி ஏழு பூட்டையும் திறந்து, வரிசையாகத் தரையில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்த்ததும் எங்கே போயிருப்பாள் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. காலில் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார்.

குழியின் நடுவில் சாவி மல்லாக்கக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவள் கால் உதறத் தொடங்குவதை அண்ணி பார்த்தார். அண்ணிக்கு நீச்சல் தெரியாது. கரை முழுக்க வழுக்குகிற களிமண். இறங்கினால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். அண்ணி, "ஒண்ணு," என்றார். கால் நின்றது. "ரெண்டு." அவ்வளவுதான், அதற்கு மேல் அவரால் வேறு எந்த வார்த்தையும் சொல்ல முடியாது. காப்பாத்துங்க என்று ஒரு வார்த்தை கத்தினால் எண்ணிக்கை நின்றுவிடும். அதனால் எண்களையே கத்தினார். எங்கள் அண்ணி, வாழ்க்கையில் குரலை உயர்த்தாதவர், தொண்டை கிழியக் கத்தி எண்ணிக்கொண்டு நின்றார்.

பின்பக்கம் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாருக்கு அது கேட்டிருக்கிறது. போன வருஷம் தூக்கி வந்தாரே, அவரேதான். "யாரோ லாரியில இருந்து செங்கல் எண்ணி எறக்கறாங்கன்னு நெனச்சேன்மா," என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். நூறு தாண்டின பிறகு குரல் உடைந்திருக்கிறது. செங்கல் எண்ணுகிறவர்கள் இப்படி அழுதுகொண்டு எண்ண மாட்டார்களே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து குழிக்குக் குறுக்கே போட்டு, அதன் மேல் படுத்து நகர்ந்து போய், அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையில் ஏழாவது பூட்டின் சாவி இருந்தது.

எது வரைக்கும் எண்ணினீர்கள் என்று அன்று சாயங்காலம் கேட்டேன். அண்ணிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. மூன்று நாள் அம்மாவும் பெண்ணும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

நான்காவது நாள் தபால் வந்தது. குழிக்கு வேலி வரவில்லை, நோட்டீஸ் வந்தது. நகராட்சியின் பூட்டை அனுமதியின்றித் திறந்ததற்கு விசாரணைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்று மாதம் உள்ளுக்குள்ளேயே வைத்துக் கருவிக்கொண்டிருந்து மேனேஜர் மேலே எழுதிப் போட்டிருக்கிறார். அண்ணி தொண்டை சரியாகட்டும் என்று காத்திருந்து, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். யாரை என்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

ஒரு நீள மேஜை. நடுவில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் மேனேஜர், ஓரத்தில் டைப் அடிக்கிற ஒரு பெண். அண்ணி நோட்டைத் திறந்து கையெழுத்துகளைக் காட்டினார். அதிகாரி புரட்டிப் பார்த்தார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது, தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"லிஸ்ட்ல பேர் இருக்கு இல்லம்மா? அப்புறம் என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு."

அதிகாரி புரியாமல் மேனேஜரைப் பார்த்தார். "என்னம்மா எண்ணுறீங்க?" என்றார். அண்ணி நிறுத்தவில்லை. கத்தவும் இல்லை, விசிலக்கா எண்ணுகிற அதே தாளத்தில் எண்ணினார். முப்பதில் அதிகாரி, "சரிம்மா, போதும்," என்றார். ஐம்பதில் மேனேஜர் எழுந்து நின்று மறுபடியும் உட்கார்ந்தார். எண்பது தாண்டும்போது டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டாள். நூறு வந்ததும் எனக்கு அந்தக் குழி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. நான் அன்றைக்கு அங்கே இல்லை, ஆபீஸில் போனில் யாரிடமோ பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். நூற்றைம்பதில் அதிகாரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் அன்றைக்குத் தெரிந்தது.

"இருநூத்திப் பன்னண்டு. இருநூத்திப் பதிமூணு. இருநூத்திப் பதினாலு."

அண்ணி எழுந்து நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பத்தான் சார் ஏணி வந்துச்சு," என்றார்.